மச்சினனின் நிலாச் சட்டை

1

இந்த வருஷம் எங்கள் வீட்டு ஆயுத பூஜை அழுகையில் முடிந்தது. அழுதது என் மகள் கயல். அழவைத்தது என் மனைவி வைத்த ஒரு குங்குமப் பொட்டு. அந்த நேரத்தில் வீட்டில் உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான். ஊரில் இருக்கிறவர்கள் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் மச்சினன் மேல் பொறாமை.

மச்சினன் பெயர் சிவக்குமார். என் மனைவி சாந்தாமணியின் தம்பி. நான் இந்த டெக்ஸாஸ் மாநிலத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவன் எனக்குப் பின்னால் வந்தவன்; நான் விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவர, என் வீட்டில் சாப்பிட்டு, என் காரில் ஓட்டப் பழகியவன். இன்றைக்கு இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். என்ன வேலை என்று ஊர்க்காரர்கள் கேட்டால் "துணி டிபார்ட்மெண்டுங்க" என்பான். அந்தத் துணி, நிலாவில் இறங்கப்போகிற மனிதன் போட்டுக்கொள்ளும் உடுப்பு. மறுபடியும் நிலாவுக்கு ஆள் அனுப்பப் போவதாக இந்த நாட்டு அரசாங்கம் சொன்னதிலிருந்து, புது உடுப்புக்கு மாதிரி தைத்து, மடக்கி, தேய்த்து, கிழித்துப் பார்க்கிற இடங்களில் அவனுடைய கம்பெனியும் ஒன்று. அதில் கையுறைப் பிரிவு அவனுடையது.

நான் பல் வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ் கொடுக்கிற கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆள். யாருடைய கடைவாய்ப் பல்லுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போடுகிற புரோகிராமுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவும் மானமுள்ள வேலைதான். ஆனால் அதைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

2

இதில் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், நிலாப் பைத்தியம் பிடித்தவன் நான், அவன் இல்லை.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. கல்லூரிக் காலத்தில் அங்கே எடைக்கு வந்து கிடந்த ஒரு பேப்பர்க் கட்டுக்குள், நிலா உடுப்பை அடுக்கடுக்காக உரித்துப் படம் போட்ட ஆங்கிலப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. அன்றைக்குப் பிடித்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியாராக இருந்தேன். கரண்ட் இருக்கும்போது பையன்களுக்குப் பாடம் நடத்துவேன். கரண்ட் போய்விட்டால் நிலா உடுப்பைப் பற்றிச் சொல்வேன். எங்கள் ஊரில் அப்போது கரண்ட் நிறையவே போகும்.

பெண் பார்க்க நெய்க்காரப்பட்டிக்குப் போனோம். மாமனாருக்குத் தென்னையும் கரும்பும், வாய்க்காலில் தண்ணீரும். என் படிப்பிலோ வேலையிலோ அவர் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "திண்டுக்கல்லுங்களா? தண்ணிக்கு என்னங்க பண்றீங்கொ?"

எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்க அந்தக் காலத்தில் அப்படித்தான் யோசிப்பார்கள். என் அப்பா அசரவில்லை. "வீட்டுக்குள்ளயே போர் போட்டுருக்கோம் சம்பந்தி. ஒங்க பொண்ணு கொடத்தத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நிக்காது" என்றார். போர் போட்டது உண்மை. அதில் அந்த வருஷம் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

பெரியவர்கள் உள்ளே கலந்து பேசின நேரத்தில், எனக்குத் துணையாகச் சிவாவை உட்காரவைத்தார்கள். கோயம்புத்தூரில் டெக்ஸ்டைல் படித்துக்கொண்டிருந்தான். துணி படிக்கிற பையன் ஆயிற்றே என்று நான் அவனிடம் நிலா உடுப்பை ஆரம்பித்துவிட்டேன். அவன் இரண்டு தடவை கொட்டாவி விட்டு, "அதெல்லாம் நமக்கெதுக்குங்க மச்சான், ஆயக்குடிக் கொய்யா இருக்குது, அறுத்தாரட்டுங்களா?" என்றான். நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் மச்சான் என்றுவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கு அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்படிக் கொட்டாவி விட்டவனுக்குத்தான் இப்போது அந்த உடுப்பில் சம்பளம் வருகிறது. கேட்டால், வேலைக்கு ஆள் எடுத்தார்கள், போனேன், கிடைத்தது என்கிறான். ஆசைப்பட்டவனுக்கு ஆப்பையிலும் வராது, சும்மா நின்றவனுக்குச் சட்டியோடு வரும் என்று என் அப்பா சொல்வார்.

3

நான் ஏன் அந்த மாதிரிக் கம்பெனிக்கு மனுப் போடவில்லை என்று கேட்பீர்கள். போட முடியாது. நிலா உடுப்பு ராணுவ ரகசியம் மாதிரி. இந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது கிரீன் கார்டாவது இருக்க வேண்டும். மற்றவர்கள் வரைபடத்தை எட்டிப் பார்ப்பதே சட்டப்படி குற்றம். நான் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். முதல் கம்பெனி மூடிக்கொண்டது, அதோடு வரிசையில் பிடித்த இடமும் போயிற்று. இரண்டாவது கம்பெனியின் வக்கீல் ஒரு காகிதத்தைத் தப்பான அலுவலகத்துக்கு அனுப்பினார். மறுபடியும் வாலில் போய் நின்றேன். சிவா இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு மலையாளி நர்ஸைக் கட்டிக்கொண்டான். கார்டு வீடு தேடி வந்தது.

போன வருஷம் அவனுடைய கம்பெனியில் குடும்ப நாள். எங்கள் மூவரையும் அழைத்திருந்தான். நான் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் காவலாளி பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தார். கயல் இங்கே பிறந்தவள், அவளுடையது இந்த நாட்டுப் பாஸ்போர்ட். அவளுக்கு உடனே ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டினார். எங்கள் இருவருடையதையும் திருப்பிக் கொடுத்து, மரியாதையாக, மிக மரியாதையாக, வெளி ஹாலில் உட்காரச் சொன்னார்.

சிவா கையைப் பிசைந்தான். "நானும் சொல்லிப் பாத்தனுங்க மச்சான். கவர்மெண்டு ரூலுங்க, ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றான். அவன் திமிராக நடந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பாவப்பட்டான். அதுதான் தாங்கவில்லை.

கயல் மாமன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனாள். திரும்பிக் கையாட்டுவாள் என்று பார்த்தேன். அவள் அண்ணாந்து அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே போய்விட்டாள். நானும் சாந்தாமணியும் மிட்டாய் மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்தவள் மூச்சு விடாமல் பேசினாள். "அப்பா! ஒரு பொட்டி, அதுக்குள்ள இருக்கற காத்த எல்லாம் எடுத்துட்டாங்க. ரெண்டு கிளவ் உள்ள நீட்டிட்டு நிக்குது. அதுக்குள்ள நான் கைய விட்டேன். வெரல மடக்கவே முடியல!"

"முடியாதுல்ல. உள்ள காத்து அழுத்தும்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க கைய விட்டுப் பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். அவள் அதோடு என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் சொல்லப் போய்விட்டாள்.

4

விரல் ஏன் மடங்கவில்லை என்பதை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களாவது கேளுங்கள்.

நிலாவில் காற்று கிடையாது. நம் உடம்பைச் சுற்றி எந்நேரமும் காற்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் நாம் ஒழுங்காக இருக்கிறோம். அது இல்லாத இடத்தில் சற்று நேரத்தில் நினைவு தப்பும், கொஞ்சத்தில் உயிரும் போகும். ஆகவே மனிதன் தன் காற்றைத் தானே ஒரு பையில் கட்டிக்கொண்டு போகிறான். அந்தப் பைதான் உடுப்பு. உள்ளே சுத்தமான ஆக்ஸிஜன். அழுத்தம் நம் ஊர்க் காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் வைத்தால் ஆள் கட்டை மாதிரி விறைத்து நிற்பார். காற்றடித்த சைக்கிள் ட்யூபை மடக்கிப் பாருங்கள், புரியும்.

அதனால்தான் மூட்டுகளில் வித்தை செய்கிறார்கள். முழங்கை, முழங்கால், விரல் எல்லாவற்றிலும் துணியை மடிப்பு மடிப்பாக வைத்துத் தைப்பார்கள். மடக்கும்போது ஒரு பக்கம் சுருங்கும், அதே அளவுக்கு மறுபக்கம் விரியும். உள்ளே இருக்கிற இடம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குறைந்தால் காற்று எதிர்த்து நிற்கும், ஒவ்வொரு அசைவுக்கும் மல்லுக்கட்ட வேண்டும். கையுறைக்குள் மல்லுக்கட்டி நகம் பெயர்ந்தவர்கள் உண்டு.

உடம்போடு ஒட்டி ஒரு உள்சட்டை. அதில் மெல்லிய குழாய்கள் ஓடும், குழாயில் குளிர்ந்த தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். வெயில் பட்ட இடம் கொதிக்கும், நிழல் உறையும், அதோடு வேலை செய்கிற உடம்பின் சூடு வெளியே போக வழியும் கிடையாது. ஒரு ஆளைச் சுற்றி எந்நேரமும் தண்ணீர் ஓடுகிறது என்பதைத் திண்டுக்கல்காரனால் பொறாமைப்படாமல் படிக்க முடியாது. அதன் மேல் காற்றைப் பிடித்துவைக்கிற ரப்பர் பூசின துணி, அது ஊதிப் பெருக்காமல் கட்டிவைக்கிற துணி, அதற்கும் மேலே சூட்டையும் பறந்து வரும் பொடிக்கற்களையும் தடுக்கிற அடுக்குகள். தலையில் தங்கப் பூச்சுப் பூசின கண்ணாடி. முதுகில் ஆக்ஸிஜனும் பேட்டரியும் சுமக்கிற பெட்டி. கயல் அதைப் 'புத்தக மூட்டை' என்பாள்.

பழைய உடுப்பில் குனிய முடியாது, மண்டியிடுவது பெரும்பாடு, கீழே விழுந்தால் எழ ஒரு தனிப் பயிற்சி. அதைவிடப் பெரிய வில்லன் தூசி. நிலாவில் மழையும் இல்லை, காற்றும் இல்லை. மண் துகளைத் தேய்த்து மழுக்க ஆளே இல்லாததால் ஒவ்வொன்றும் கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். மூட்டுக்குள் புகுந்து அரைத்துவிடும். அதற்கு வெடித்த பட்டாசு மணம் என்று போய்வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சில நாள் தாக்குப்பிடித்தால் போதும். இப்போது மாதக்கணக்கில் உழைக்கிற உடுப்பு வேண்டுமாம். இடுப்பிலும் தொடையிலும் சுழலும் வளையங்கள் வைத்துப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். படித்துத் தெரியும். சிவாவுக்குத் தொட்டுத் தெரியும். கயலுக்கு அந்த வித்தியாசம் நன்றாகப் புரிகிறது.

போதாததற்கு அவன் தாய்மாமன். நம் பக்கத்தில் தாய்மாமன் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கயலுக்கு ஒரு வயதில் பழனிக்குக் கொண்டுபோய் மொட்டை அடித்துக் காது குத்தினோம். பிள்ளை அலறுகிறது, நான் கையை நீட்டுகிறேன். "மாமன் மடியிலதானுங்க உக்காரோணும், நீங்க தள்ளி நில்லுங்க" என்று என்னைத் தட்டோடு ஓரமாக நிறுத்திவிட்டார்கள். அலறி முடித்து அவன் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். பெற்றவன் நான் தேங்காய் பழத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது இது.

5

இந்த அக்டோபரில் கயலின் பள்ளியில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துவந்து அவருடைய வேலையைப் பற்றிப் பேசவைக்க வேண்டும் என்றார்கள். கயல் என்னிடம் வந்து, "அப்பா, உங்களுக்கு அன்னைக்கு ஆபீஸ் இருக்கும்ல?" என்றாள். கேள்வி கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. இருக்கும் என்றேன். "அப்ப மாமாவக் கூட்டிட்டுப் போறேன்" என்று துள்ளிக்கொண்டு ஓடினாள்.

"மாமன் போனா என்னங்க, அவனுக்கு இல்லாத உரிமையா?" என்றாள் சாந்தாமணி.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"அந்த மூஞ்சியப் பாத்தாத் தெரியுதுங்க."

பள்ளிக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. இங்கே பண்டிகை எல்லாம் சனிக்கிழமைக்குத்தான் வரும். சிவா வந்தான். அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. ஒரு பெட்டியைத் திறந்து, உறையிலிருந்து கையுறை ஒன்றை எடுத்தான். சோதனையில் கழித்துப்போட்ட உருப்படி, வெளியே காட்டத் தடையில்லாத பழைய மாதிரி. பள்ளிக்காக மேலதிகாரியிடம் கேட்டு வாங்கியிருந்தான். புதன்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று இருந்தது. விரல் நுனியில் ரப்பர், மணிக்கட்டில் உலோக வளையம். நான் கையை நீட்டுவதற்குள் கயல் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நானும் சிவாவும் கடைக்குப் போய் வாழைப்பழமும், பொரிக்குப் பதிலாக அங்கே கிடைத்த ஏதோ ஒன்றும் வாங்கி வந்தோம். வந்து பார்த்தால் பூஜை தயார். கயலின் புத்தகங்கள், அரிவாள்மணை, கார்ச் சாவி, தையல் மெஷின். ஓரத்தில் சுவரோடு சுவராக என் லேப்டாப், அதற்குப் போனால் போகிறதென்று ஒரு சின்னப் பொட்டு. நடுவில் மணை போட்டு, மணைமேல் கையுறை. அதன் புறங்கையில் எட்டணா அளவுக்குச் சந்தனமும் நடுவில் குங்குமமும் பளிச்சென்று நின்றன.

என் லேப்டாப்தான் இந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் சிவா பழம் எடுத்துவைத்த தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, என்னக்கா பண்ணிப்போட்டே?"

"ஏன்டா? ஆயுதம்னா பொட்டு வெக்காமயா?"

"சந்தனம் இதுல ஒட்டாதே. எப்புடி ஒட்டுச்சு?"

"வழுக்கிட்டு வந்துது. அதான் ரெண்டு சொட்டு நல்லெண்ண உட்டுக் கொழைச்சு வெச்சேன். இப்பப் பாரு, கம்முனு நிக்குது" என்றாள் பெருமையாக.

சிவா மணைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். எனக்கு விஷயம் உடனே புரிந்தது. அந்த வேலை நடக்கிற கட்டடத்தில் சுத்த ஆக்ஸிஜனைப் புழங்குகிறார்கள். ஆக்ஸிஜன் நிறைந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் போதும், தீப்பிடிக்க அது காத்திருக்கும். அங்கே வேலைக்குப் போகிற நாளில் அவன் தலைக்கு எண்ணெய்கூட வைப்பதில்லை. கழித்துப்போட்ட கையுறைதான் என்றாலும், அது திரும்பப் போகிற அலமாரியில் மற்ற உருப்படிகளும் இருக்கின்றன.

துணியால் ஒற்றி எடுத்தான். சந்தனம் வந்தது. குங்குமம் எண்ணெயோடு சேர்ந்து இழைக்குள் இறங்கி, விரலை நோக்கிக் கொஞ்சம் பரவவும் செய்தது.

"தொடைக்காத மாப்ளே, இன்னும் பரவும்" என்றேன். குரலில் அக்கறை இருந்தது. அடியில் என்ன இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவன் மறைக்க நினைக்கவில்லை. அங்கேயே மேலதிகாரிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான். அந்த அம்மாள் பேசியது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. அது என்ன பொருள் என்றார். குங்குமம் என்றான். எதில் செய்தது? மஞ்சள், சுண்ணாம்பு என்றான். எதற்காகப் பூசினார்கள்? சிவா திணறினான். "மரியாதைக்காக" என்றான் கடைசியில். பிறகு, கையுறையை ஒரு பையில் போட்டு மூடி இன்றைக்கே கொண்டுவரச் சொன்னார். அந்தப் பொடியிலும் கொஞ்சம் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொண்டுவர வேண்டும், சோதித்துப் பார்ப்பார்கள். விசாரணை முடிகிறவரை பள்ளிக்கூடம், பேச்சு, எதுவும் கிடையாது.

பழனி அடிவாரத்தில் வாங்கின குங்குமம் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போகிறது. எனக்கு அதன்மேலும் ஒரு கணம் பொறாமை வந்தது.

"சோறு போடற பொருளுக்குப் பொட்டு வெச்சது ஒரு குத்தமா?" என்று சாந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிவா அவள் கையைப் பிடித்து, "நீ என்னத்தக் கண்ட, உடு அக்கா" என்றான். சாப்பிடாமல் கிளம்பினான். கயல் வாசல்வரை ஓடினாள். கார் திரும்பியதும் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"அப்பா போவாரு கண்ணு" என்றாள் சாந்தாமணி.

கயல் அழுகைக்கு நடுவில் நிமிர்ந்து கேட்டாள். "அப்பா போய் என்ன பேசுவாரு? பல்லப் பத்தியா?"

என் சந்தோஷம் அந்த இடத்தில் முடிந்தது.

6

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். பல்லைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஒரு பையில் சைக்கிள் ட்யூப், காற்றடிக்கும் பம்பு, பாத்திரம் துலக்குகிற ரப்பர் கையுறை, எங்கள் வீட்டு வாக்குவம் கிளீனரின் வளைவு வளைவான குழாய். சாந்தாமணி பையைப் பார்த்துவிட்டு, "வித்தை காட்டப் போறீங்களாக்கும்" என்றாள்.

கயல் வகுப்பின் முன்னால் நின்று என்னை அறிமுகப்படுத்தினாள். இவர் என் அப்பா. என் மாமாதான் வருவதாக இருந்தது, அவரால் வர முடியவில்லை. அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்காமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். மற்றப் பிள்ளைகளின் பெரியவர்களில் ஒருவர் தீயணைப்பு வீரர், தொப்பியோடு வந்திருந்தார்.

ட்யூபில் காற்றடித்து ஒரு முரட்டுப் பையனிடம் கொடுத்து மடக்கச் சொன்னேன். மடக்கினான், விட்டதும் அது விறுக்கென்று நிமிர்ந்து அவன் கையில் அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "உன் விரல் இதற்குள் இருக்கிறது. இப்போது ஒரு கல்லைப் பொறுக்கு" என்றேன். பிறகு வாக்குவம் குழாயைக் கொடுத்தேன். சொன்னபடி வளைந்தது, வளைத்த இடத்தில் நின்றது. ஏன் என்று கேட்டேன். மடிப்பை எண்ணிப் பார்த்து, ஒரு பக்கம் நெருங்குகிறது, மறுபக்கம் விலகுகிறது என்று ஒரு சின்னப் பெண் கண்டுபிடித்தாள். அவள் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கரண்ட் போன வகுப்பில் நிற்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. தண்ணீர் ஓடும் சட்டை, தங்கக் கண்ணாடி, கண்ணாடிச் சில்லுத் தூசி எல்லாம் தானாக வந்தன. என் ஆங்கிலத்தில் 'வாக்குவம்' என்ற சொல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்று ஒருவன் கேட்டான். எந்த நாட்டுப் பிள்ளையும் இதைக் கேட்காமல் விடாது. குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி கட்டிக்கொண்டுதான் போவார்கள் என்றேன், கூரை பறக்கச் சிரித்தார்கள். மூக்கு அரித்தால்? உள்ளே ஒரு சின்னத் திண்டு இருக்கும், அதில் மூக்கை உரசிக்கொள்ளலாம். முதுகு அரித்தால்?

"காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு அதில் நல்ல பயிற்சி உண்டு" என்றேன். டீச்சர் சத்தமாகச் சிரித்தார்.

அப்போதுதான் கயலைப் பார்த்தேன். அவள் டீச்சரையோ ட்யூபையோ பார்க்கவில்லை. முகவாயை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்தும் பிள்ளைகள் விடவில்லை. அடுத்த வாரம் பக்கத்து வகுப்புக்கும் சேர்த்து இன்னொரு தடவை வர முடியுமா என்று டீச்சர் கேட்டார். என் ஆபீசைக் கேட்க வேண்டும் என்றேன். கயல் அதற்குள், வருவார் என்று சொல்லிவிட்டாள்.

7

காரில் ஏறினதும் கயல் என் போனை வாங்கி மாமனை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். எனக்கு முதலில் சுருக்கென்றது. செத்த நேரமாவது என்னோடு இருக்கக் கூடாதா என்று தோன்றியது.

சிவாவின் குரல் தெளிவாகத்தான் இருந்தது. விசாரணை முடிந்ததாம். மனம் அறிந்து செய்ததில்லை என்று எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். கையுறையைத்தான் தூக்கிப்போட்டுவிட்டார்கள். "உங்கம்மாகிட்டச் சொல்லீரு கண்ணு, அழுதுட்டே இருப்பா" என்றான். பிறகு, "பள்ளிக்கொடத்துல எப்புடியாச்சு?" என்று கேட்டான்.

கயல் கொட்டித் தீர்த்துவிட்டாள். ட்யூப் அடித்தது, ஒன்றுக்குக் கேள்வி, தீயணைப்பு வீரரைக்கூட யாரும் இவ்வளவு கேட்கவில்லை என்பது. "மாமா, அடுத்த வாரம் ரெண்டு கிளாசுக்கும் சேத்து மறுபடி வரச் சொல்லிருக்காங்க!"

"அட! அப்ப அடுத்த வாரம் நான் வாரேன் கண்ணு" என்றான் சிவா. "எல்லாம் செரியாப் போச்சு. வேற கிளவ் கேட்டு வாங்கியாரேன். இந்தத் தடவ நெசமான சாமானத்தையே காட்டிப்போடலாம்."

நான் கண்ணாடியில் கயலைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. எதிரில் சிவப்பு விளக்கு விழுந்தது, வண்டியை நிறுத்தினேன்.

"வேணாம் மாமா" என்றாள். "அப்பாவே வரட்டும்."

இந்த நாட்டுக்கு வந்து எந்த அலுவலகமும் எந்தக் கார்டும் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஜெயித்துவிட்டேன். பதில் கேட்கும் ஆசையில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

சிவாவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறது, அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசுவதில்லை.

"செரீங் கண்ணு" என்றான் சிவா. "அப்பாவே வரட்டும். அதானே நல்லது. நான் என்ன, சும்மா கேட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறவன் சிரிப்பு அது. இத்தனை வருஷமும் என் வாயில் இருந்ததுதான்.

பச்சை விழுந்தது. "மாப்ளே" என்று கூப்பிட்டேன்.

"சொல்லுங்க மச்சான்."

என்ன சொல்வது? எனக்கு யாராவது எதையாவது சொல்லியிருந்தால் அதையே அவனுக்கும் சொல்லியிருப்பேன்.

"சாப்டியா?" என்றேன்.

"சாப்டனுங்க" என்றான்.